எத்தனை மணி நேரத்தில் போனீர்கள்?

லாங் டிரைவ் போய்விட்டு வந்தவர் யாரிடமாவது "டிரிப் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "சென்னை டு கன்னியாகுமரி, ஒன்பதே மணி நேரம் மச்சான்! நடுவுல ஒரே ஒரு டீ, அவ்வளவுதான்" என்று பதில் வரும். கேட்டது எப்படி இருந்தது என்று. வந்த பதிலோ எவ்வளவு நேரம் என்று. வழியில் என்ன பார்த்தார், எங்கே சாப்பிட்டார், யாரிடம் பேசினார் என்று துருவித் துருவிக் கேட்டாலும் ஒன்றும் தேறாது. பார்த்திருந்தால்தானே சொல்வதற்கு! இதில் வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் இருப்பவர் "ஒன்பதா? நாங்க எட்டே முக்கால்ல போனோம்" என்று ஏலத்தை இன்னும் ஏற்றிவிடுவார்.

இந்த ஏலத்தை நிறுத்த வேண்டும். ஒரு நீண்ட பயணத்தை எவ்வளவு சீக்கிரம் முடித்தோம் என்று அளப்பதை விட்டுவிட்டு, எங்கெங்கே நின்றோம், வண்டி ஓட்டியவர் எவ்வளவு தூங்கினார் என்று அளக்கப் பழக வேண்டும். முதல் அளவு ரசனைக்காக. இரண்டாவது உயிருக்காக.

முதலில் ரசனை. காரில் போன முதல் நீண்ட பயணம் எது தெரியுமா? 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல், அவர் கண்டுபிடித்த மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியதுதான். கூடவே இரண்டு பையன்கள். மன்ஹைமிலிருந்து அம்மா வீடு இருந்த ஃபோர்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர். வழியில் எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் லிக்ரோயின் என்ற கரைப்பானை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் போய்த் தோல் அடித்து வாங்கினார். மேட்டில் ஏறாத இடத்தில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். சாயங்காலம் ஊர் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தார்.

இந்தக் கதையில் இன்றைக்கும் எல்லோருக்கும் நினைவிருப்பது வண்டி ஓடிய நேரமா, நின்ற இடங்களா? அந்த மருந்துக் கடையை உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றும் காட்டுகிறார்கள். நின்றதால் வண்டிக்கும் லாபம். மேட்டில் தள்ள வேண்டியிருந்த அனுபவத்துக்குப் பிறகு வண்டியில் கூடுதல் கியர் வந்தது.

அடுத்து அமெரிக்கா. 1903இல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற டாக்டர், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கிளப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது 50 டாலர் பந்தயம் கட்டினார். அந்த நாட்டை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை காரில் கடக்க முடியும் என்பது பந்தயம். சூவல் கிராக்கர் என்ற மெக்கானிக்கைச் சேர்த்துக்கொண்டு கிளம்பி, 63 நாளில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். ஊர்களுக்கு வெளியே நல்ல சாலை என்பதே அபூர்வம். உடைந்த பாகத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அது வந்து சேரும் வரை நாள்கணக்கில் ஒரே ஊரில் உட்கார்ந்திருந்தார்கள். ஐடஹோவில் பட் என்று ஒரு புல்டாக் நாயை வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். புழுதி கண்ணில் படாமல் இருக்க நாய்க்கும் கண்ணாடி மாட்டினார்கள்! ஒரு பெண் வேண்டுமென்றே தப்பான வழியைக் காட்டி அனுப்பினாராம். காரணம்? அந்த வழியில் இருந்த அவர் வீட்டார் காரைப் பார்த்ததே இல்லை, பார்க்கட்டும் என்றுதான்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இதில் இன்னொரு சுவாரசியம் உண்டு. 50 டாலர் பந்தயத்துக்கு அந்த மனிதர் செலவழித்தது சுமார் 8,000 டாலர். எந்த ஆடிட்டரும் இதற்குக் கையெழுத்துப் போட மாட்டார். ஊர் திரும்பிய ஜாக்சனுக்கு அதே வருடம் பர்லிங்டன் நகரில் அபராதமும் கிடைத்தது. குற்றம்: மணிக்கு 6 மைல் வேகத்தைத் தாண்டி ஓட்டினார்!

1909இல் ஆலிஸ் ராம்சே என்ற 22 வயதுப் பெண் எதிர்த் திசையில், நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு 59 நாளில் ஓட்டிப் போனார். கூடப் போன மூன்று பெண்களுக்கும் கார் ஓட்டத் தெரியாது. 11 டயர் மாற்றினார். அந்தக் கால வழிகாட்டிப் புத்தகத்தில், மஞ்சள் வீடு வந்ததும் திரும்பு என்கிற மாதிரிதான் வழி போட்டிருக்கும். ஓரிடத்தில் வீட்டுக்காரருக்குக் கார்களைக் கண்டாலே ஆகாது என்பதால், மஞ்சள் வீட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டாராம். இவர்கள் வழி தவறிச் சுற்றினார்கள். கூகுள் மேப்ஸைக் குறை சொல்கிறவர்கள் கவனிக்க!

இதே தூரத்தைக் கடக்கும் போட்டி பிறகு வேறு மாதிரி மாறியது. 1971இல் கேனன்பால் என்ற பெயரில் நடந்த பந்தயத்தில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக்கு ஒரு ஃபெராரி 35 மணி 54 நிமிடத்தில் போனது. 2020இல், கொரோனாவால் சாலைகள் காலியாகக் கிடந்தபோது, அதை 26 மணி நேரத்துக்கும் கீழே கொண்டுவந்தார்கள். பொதுச் சாலையில், எல்லா வேக வரம்பையும் மீறி. சரி, சாதனைதான். ஆனால் அந்த 26 மணி நேரத்தில் நடந்த ஏதாவது ஒரு சம்பவத்தை நண்பர்களுக்குச் சொல்லச் சொன்னால் என்ன சொல்வது? பெட்ரோல் போட்டோம், போலீஸைத் தவிர்த்தோம், பெட்ரோல் போட்டோம். 63 நாள் பயணத்திலிருந்து நாய்க்குக் கண்ணாடி மாட்டிய கதை கிடைத்தது. 26 மணி நேரப் பயணத்திலிருந்து ஒரு நம்பர் கிடைத்தது. அடுத்த ஆள் முறியடித்தால் அந்த நம்பரும் போய்விடும்.

மாணவர்கள் விஷயத்துக்கு வருவோம். 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பினார்கள். கையில் காசு கிடையாது. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி ஸ்பான்சர் பிடித்தார்கள். அப்போது பிபிசியில் வேலை பார்த்த டேவிட் அட்டன்பரோ படம் எடுக்க ஃபிலிம் கொடுத்தார். துருக்கி, ஈராக், ஈரான், பாகிஸ்தான், இந்தியா, பர்மா, தாய்லாந்து, மலாயா என்று ஆறு மாதத்துக்கு மேல் பயணம். இரண்டாம் உலகப் போரில் போட்டு, பிறகு காடு மூடிப்போன லெடோ சாலையிலும் போனார்கள். 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான டிம் ஸ்லெஸ்ஸர் எழுதிய புத்தகத்தை இன்றும் படிக்கிறார்கள். 2019இல் அதே இரண்டு வண்டிகளில் ஒன்றைச் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திருப்பி ஓட்டிப் போனார்கள். அதில் ஸ்லெஸ்ஸரின் பேரனும் போனார். தாத்தா போன தூரத்தைப் பேரன் திரும்ப வந்தார் என்றால் அந்த ஆறு மாதத்தில் எவ்வளவு சரக்கு இருந்திருக்க வேண்டும்!

"ஆறு மாதம் போக எங்களுக்கு எங்கே நேரம்? சனி, ஞாயிறு இரண்டு நாள்தான் லீவு. வேகமாகப் போனால்தான் நேரம் மிச்சமாகும்" என்பீர்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

சென்னையிலிருந்து பெங்களூருக்கு 350 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக 80இல் போனால் 4 மணி 22 நிமிடம். 100இல் போனால் மூன்றரை மணி நேரம். 52 நிமிடம் மிச்சம். 120இல் போனால் 2 மணி 55 நிமிடம். கூடுதலாக மிச்சமாவது 35 நிமிடம்தான். 140இல் போனால் இன்னும் 25 நிமிடம். ஒவ்வொரு 20 கிலோமீட்டர் வேகத்துக்கும் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே வருகிறது. பிளஸ் டூவில் மனப்பாடம் செய்த குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி ஞாபகம் இருக்கிறதா? அதேதான்.

செலவுப் பக்கத்தைப் பாருங்கள். அது நேர் எதிர். 80இலிருந்து 120க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, ஆனால் வண்டியின் இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்கு. பிரேக் அழுத்திய பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரமும் அதே இரண்டேகால் மடங்கு. லாபம் இறங்குகிறது, ரிஸ்க் ஏறுகிறது. எந்த முதலீட்டாளரும் இப்படிப்பட்ட இடத்தில் பணம் போட மாட்டார். உயிரை மட்டும் போடுகிறோம்.

வேகமாவது ஸ்பீடோமீட்டரில் தெரியும். தூக்கத்துக்கு மீட்டரே கிடையாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்கே விநாடி கண் அசந்தால் வண்டி 111 மீட்டர் போய்விடும். கிட்டத்தட்ட ஒரு ஃபுட்பால் மைதானத்தின் நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்த மாதிரி. 1997இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்றது. இந்தியாவில் ஓட்டுநருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 30 மில்லிகிராம். காலையில் ஆறு மணிக்கு எழுந்து, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இரவு பதினொன்றுக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பவர் ஒரு சொட்டுக் குடிக்காமலேயே அந்த எல்லையைத் தாண்டியவருக்குச் சமம். ஆனால் போலீஸ் வாயை ஊதச் சொன்னால் மெஷினில் ஒன்றும் காட்டாது.

இதைப் புரிந்துகொண்ட நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். "மக்களே, ஜாக்கிரதையாக ஓட்டுங்கள்" என்று போர்டு வைப்பதோடு விட்டுவிடவில்லை. நிற்பதற்கு ஏற்பாடு செய்தார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி, பஸ் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். 2006இன் விதி இது. டேகோகிராஃப் என்ற கருவி ஓட்டிய நேரத்தையெல்லாம் பதிவு செய்துவிடும். முதலாளியும் ஏமாற்றுவது கடினம், ஓட்டுநரும் ஏமாற்றுவது கடினம். ஆட்டோபானில் பல இடங்களில் கார்களுக்கு வேக வரம்பே இல்லை என்று நம்மூரில் வாயைப் பிளக்கிறோம். அதே ஜெர்மனியில்தான் ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி வரை பெரிய லாரிகள் ஓடக்கூடாது என்று விதி இருக்கிறது. அதை யாரும் இங்கே வந்து சொல்வதில்லை.

ஆஸ்திரேலியாவில் நல்லர்போர் சமவெளியைக் கடக்கும் ஐர் நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவு கூடக் கிடையாது. ஸ்டியரிங்கைத் திருப்ப வேலையே இல்லாவிட்டால் தூக்கம் வராமல் என்ன செய்யும்? அங்கே 2009இல் ஒரு வேலை செய்தார்கள். 18 குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானத்தை 1,365 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரப்பி வைத்தார்கள். ஒரு குழி ஆடிவிட்டுக் காரில் ஏறி அடுத்த ஊருக்குப் போய் அடுத்த குழி. கேட்கச் சிரிப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் இறங்கி நடக்க ஒரு சாக்கு கிடைக்கிறது, வழியில் இருக்கும் கடைக்காரருக்கு வியாபாரமும் கிடைக்கிறது. இது போக, லீவு நாட்களில் அந்த நாட்டு நெடுஞ்சாலை ஓரங்களில் தன்னார்வலர்கள் டீ, காபி, பிஸ்கட் இலவசமாகக் கொடுத்து ஓட்டுநர்களை நிற்க வைக்கிறார்கள்.

ஜப்பானில் 1993இல் 'மிச்சி நோ எகி' என்று ஆரம்பித்தார்கள். சாலையோர ஸ்டேஷன் என்று அர்த்தம். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் பார்க்கிங், கழிவறை இரண்டும் கட்டாயம். கூடவே அந்தப் பகுதி விவசாயிகள் தங்கள் காய்கறி, பழம், ஊறுகாய்களைக் கொண்டுவந்து விற்கிறார்கள். இன்று 1,200க்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. பலர் அங்கே கிடைக்கும் பொருளுக்காகவே நிற்கிறார்கள். ஓய்வையே ஒரு வியாபாரமாக்கிவிட்டால் யாரும் யாருக்கும் அட்வைஸ் செய்ய வேண்டியதில்லை.

இனி நம்மூர். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல். பத்தில் ஏழு மரணங்கள் அதிவேகம் என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. அவர்களில் எத்தனை பேர் தூக்கத்தால் போனார்கள் என்று எந்தக் கருவியும் சொல்லாது. விபத்துக்குப் பிறகு எல்லோரும் விழித்துக்கொண்டுதான் இருப்பார்கள், உயிரோடு இருந்தால்.

சட்டம் இல்லையா என்றால், உண்டு. 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. நாளைக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு என்று அது சொன்னது. 2020இல் பழைய தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்துப் புதுச் சட்டம் இயற்றியபோதும் நாளைக்கு எட்டு மணி நேரம் என்ற அடிப்படை மாறவில்லை. 2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல், லாட்ஜ்களில் விருந்தினர்களின் ஓட்டுநர்களுக்கும் தங்குமிடம் இருக்க வேண்டும் என்றது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது ஒரு கல்லூரி ஐ.வி. டூர் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். வெள்ளி இரவு ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும். விடிய விடியப் பயணம். சனி காலை குளித்துவிட்டு ஃபேக்டரி ஒரு மணி நேரம் (அதில் அரை மணி நேரம் குரூப் போட்டோ). பிறகு அருவி, பூங்கா, ஷாப்பிங். ஞாயிறும் அதே. ஞாயிறு இரவு மறுபடி விடிய விடிய. திங்கள் காலை முதல் பீரியடுக்கு வந்துவிட வேண்டும். இந்த அட்டவணையில் மாணவர்கள் தூங்க இடம் இருக்கிறது. சாருக்கும் மேடத்துக்கும் முன் சீட் இருக்கிறது. டிரைவர் அண்ணன் எப்போது தூங்குவார்? ராத்திரி முழுக்க ஓட்டியவர், பகலில் வெயிலில் நிற்கும் பஸ்ஸுக்குள் துண்டை விரித்துக் கொஞ்சம் கண் அசருவார். அதற்குள் "அண்ணே, அடுத்த ஸ்பாட்" என்று போன் வந்துவிடும். பின் சீட்டில் பாட்டும் டான்ஸும். நள்ளிரவு இரண்டு மணிக்கு அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பு. ஐம்பது உயிர் அந்த ஒரு டீயை நம்பிப் போகிறது.

"அண்ணனே வேண்டாம் என்கிறார், ஒரு டிரிப் முடிந்தால் அடுத்த டிரிப், அவருக்கும் பேட்டா வேண்டுமே" என்பார்கள். உண்மைதான். குறைந்த சம்பளம், டிரிப்புக்குத்தான் காசு என்றால் அவர் தூங்குகிற ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு நஷ்டம். அதனால்தான் தூங்குவதற்கும் சேர்த்து அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது. "பெண்கள் கூட வரும்போது கண்ட இடத்தில் எப்படி நிற்பது? கழிவறை லட்சணம் தெரியாதா?" என்றும் கேட்பார்கள். இதுவும் உண்மை. சுங்கம் மட்டும் தவறாமல் வாங்கும் சாலையில் சுத்தமான கழிவறை எங்கே என்று சண்டை போட வேண்டியது அவசியம். ஆனால் நிற்க இடம் சரியில்லை என்பதற்குப் பதில், நிற்காமல் ஓட்டுவதாக இருக்க முடியாது. பகலில் கிளம்பி, தெரிந்த ஊரில் நின்று, இரவில் தங்குவதாக இருக்கலாம்.

செலவு? அதையும் போட்டுவிடலாம். டிரைவருக்கும் கிளீனருக்கும் ஒரு ரூம், 1,500 ரூபாய் என்று வையுங்கள். ஐம்பது பேர் போகிற டூரில் தலைக்கு 30 ரூபாய். இரண்டாவது டிரைவர் வைத்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் கூடும். டூருக்கென்று டி-ஷர்ட் அடிக்க ஒருவர் கொடுக்கும் காசை விடக் குறைவாகத்தான் வரும்.

எனவே அடுத்த டூருக்கு அட்டவணை போடும் வகுப்புப் பிரதிநிதிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்பாட்களை எழுதுவதற்கு முன்னால், முதல் வரியில் "டிரைவர் தூங்கும் நேரம்" என்று எழுதுங்கள். எட்டு மணி நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள். மிச்சம் இருக்கும் நேரத்தில் எத்தனை ஸ்பாட் கொள்ளுமோ அத்தனை போதும். ஒரு அருவி குறைந்தால் குறையட்டும், அருவி அங்கேயேதான் இருக்கும். சொந்தக் காரில் போகிறவர்களும் அப்படித்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்குங்கள், ஓட்டுகிற ஆளை மாற்றுங்கள், தூக்கம் வந்தால் கௌரவம் பார்க்காமல் ஓரம் கட்டுங்கள்.

திரும்பி வந்ததும் யாராவது "எத்தனை மணி நேரத்தில் போனீர்கள்?" என்று கேட்டால், வழியில் சாப்பிட்ட இட்லியைப் பற்றிச் சொல்லுங்கள்.